எலஹங்காவில் விருந்தாளி விமானங்கள்: கேமராவோடு போகிறவர்களுக்கு

பெங்களூர் எலஹங்காவில் நடக்கும் விமானக் கண்காட்சியான ஏரோ இந்தியாவுக்குப் போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வெளிறிய நீல வானம், நடுவில் ஒரு போர் விமானம், அவ்வளவுதான். படம் கூர்மையாக இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் அது பெங்களூரில் எடுத்ததா, துபாயில் எடுத்ததா என்று படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கடல் தாண்டி வந்து நம் மண்ணில் சில நாள் நிற்கும் விமானத்தை எடுக்கிறோம் என்றால், அது எங்கிருந்து வந்தது, இங்கே யார் நடுவில் நின்றது என்பது படத்தில் தெரிய வேண்டும். இது என் உறுதியான கருத்து. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கருத்தை ஒட்டி எலஹங்காவில் நின்று கற்றுக்கொண்டவை.

எலஹங்கா விமானப்படைத் தளம் மற்ற நாட்களில் நமக்கு மூடிய கதவு. 1996 முதல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கும்போதுதான் அது திறக்கிறது. முதல் நாட்கள் வியாபாரத்துக்கு, கடைசி நாட்கள் பொதுமக்களுக்கு. 2025-ல் பிப்ரவரி 13, 14 பொதுமக்கள் நாட்கள். வருகிற விருந்தாளிகளைப் பார்த்தாலே அந்தந்தக் காலத்தின் அரசியல் புரியும். 126 போர் விமானங்கள் வாங்கும் போட்டி சூடாக இருந்த 2011-ல் ரஃபேல், டைஃபூன், கிரிப்பன், எஃப்-16, சூப்பர் ஹார்னெட் என்று ஐந்தும் வந்து பறந்து காட்டின. 2021-ல் அமெரிக்க பி-1பி குண்டுவீச்சு விமானம் வந்தது. 2023-ல் எஃப்-35 முதல் முறையாக வந்தது. 2025-ல் அதே எஃப்-35-உம் ரஷ்யாவின் சுகோய்-57-உம் ஒரே தளத்தில் நின்றன. இரண்டையும் ஒரே நாளில் கேமராவில் பிடிக்கும் வாய்ப்பு அதுவரை யாருக்குமே கிடைத்ததில்லை என்றுதான் அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

டிக்கெட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025-ல் 1,000 ரூபாய் டிக்கெட் வான் சாகசம் பார்க்கும் திடலுக்கு மட்டும். 2,500 ரூபாய் டிக்கெட்டில்தான் கண்காட்சிக்கும், தரையில் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களுக்கு அருகிலும் போக முடியும். புகைப்படம்தான் நோக்கம் என்றால் இரண்டாவதை எடுங்கள். பணத்தைப் பார்த்து முதலாவதை எடுத்தால் பறப்பது மட்டும் கிடைக்கும், நான் சொல்லப்போகும் பாதி விஷயம் கிடைக்காது. பெல்லாரி சாலையில் காரை நம்பிப் போகாதீர்கள். 2025-ல் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் வண்டியை விட்டுவிட்டு பி.எம்.டி.சி. நகரப் பேருந்தில் போனது நிம்மதி.

வெளிச்சத்துக்கு வருவோம். எலஹங்கா ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் ஓடுபாதைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே பாதிப் படத்தைத் தீர்மானித்துவிடும். வடக்கே நின்று தெற்கே பார்த்தால் நாள் முழுக்க எதிர்வெளிச்சம். டிக்கெட்டில் எந்த வாசல் போட்டிருக்கிறது என்று பார்த்து, வீட்டிலேயே செல்போன் வரைபடத்தில் அந்த இடத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்வெளிச்சம்தான் என்று தெரிந்துவிட்டால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள். வானம் வெளுத்துப் போகும், பரவாயில்லை. விமானத்தின் வயிற்றுப் பக்கம் கரிக்கட்டையாகப் போகாமல் இருப்பதுதான் முக்கியம். பின்னால் திருத்த வசதியாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பது இங்கே கட்டாயம் என்றே சொல்வேன்.

வெளிச்சத்தை விடப் பெரிய எதிரி கானல். காலை பத்து மணிக்கு மேல் கான்கிரீட் சூடேற ஆரம்பித்துவிடும். 400 மில்லிமீட்டரில் ஓடுபாதையைப் பார்த்தால் விமானத்தின் விளிம்பெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். பக்கத்தில் நிற்பவர்கள் லென்ஸைக் குறை சொல்வார்கள், ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் கானலை ஒன்றும் செய்யாது. டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். நமக்கும் விமானத்துக்கும் நடுவில் இருக்கிற சூடான காற்றைக் குறைப்பது ஒன்றே வழி. அதனால் நான் நாளை இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். ஓடுபாதையில் உருண்டு போவது, சக்கரம் தரையை விடுவது போன்ற படங்கள் காலையின் முதல் பறப்புகளில் மட்டும். வெயில் ஏறியபின் தூரத்துத் தரைக்காட்சி எதையும் எடுப்பதில்லை. விமானம் மேலே ஏறிவிட்டால் பார்வைக்கோடு தரையைவிட்டு விலகிவிடும், அங்கே கானல் தொல்லை குறைவு. உச்சி வெயிலில் சூரியன் 60 டிகிரிக்கு மேல் நிற்கும்போது, தரையில் நிற்கும் விமானங்களிடம் போய்விடுவேன். கைக்கெட்டும் தூரத்தில் கானல் கிடையாது.

நிறுத்தி வைத்த விமானத்தை எடுப்பதில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அங்கேதான் விருந்தாளியின் முகம் தெரிகிறது. வாலில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அமெரிக்கப் போர் விமானங்களின் வாலில் இரண்டு பெரிய எழுத்துகள் இருக்கும், அவை சொந்த ஊரைச் சொல்பவை. டபிள்யூ.டபிள்யூ. என்றால் ஜப்பானின் மிசாவா, ஏ.கே. என்றால் அலாஸ்கா, எச்.எல். என்றால் யூட்டா மாநிலத்தின் ஹில் தளம். பி-1பி-யில் இ.எல். என்று இருந்தால் தெற்கு டகோட்டாவின் எல்ஸ்வொர்த், டி.ஒய். என்றால் டெக்சாஸின் டையஸ். கீழே இருக்கும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அந்த விமானத்துக்கு நிதி ஒதுக்கிய ஆண்டு. எரிபொருள் நிரப்பும் கே.சி.-135 போன்ற பெரிய விமானங்களில் ஐந்து இலக்கம் மட்டும் எழுதியிருப்பார்கள், அதில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். கே.சி.-135 எல்லாமே 1955 முதல் 1964 வரையிலான நிதியாண்டுகளில் ஆர்டர் செய்தவை. ஆக, 2025-ல் எலஹங்காவுக்கு வந்திருந்த கே.சி.-135, அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரைவிட வயதில் மூத்தது. இந்தத் தகவல் தெரிந்தபின் அந்த எண்ணைப் படத்தில் சேர்க்காமல் விட மனம் வருமா?

எஃப்-35-ஐப் பொறுத்தவரை இது கொஞ்சம் கடினம். அதன் அடையாளங்கள் எல்லாம் சாம்பல் மேல் சாம்பல். நேர்வெயிலில் வாலெழுத்துகூடத் தெரியாது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவார்கள், காவலுக்கு ஆள் இருக்கும், சுற்றி வந்து கோணம் பார்க்க முடியாது. அங்கே பொறுமைதான் வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சரிந்து பக்கவாட்டில் விழுந்தபோதுதான் அதன் தோல் எனக்குப் பிடிபட்டது. பகலெல்லாம் வழவழப்பான ஒரே பரப்பாகத் தெரிந்த உடம்பில், பலகைகள் சேரும் இடமெல்லாம் வெளிறிய பட்டைகள் ஓடின. சக்கரக் கதவுகளின் ஓரம் நேராக இல்லாமல் ரம்பப்பல் போல வெட்டி வெட்டி இருந்தது. ரேடார் அலை வந்த வழியே திரும்பிப் போகாமல் வேறு பக்கம் சிதறுவதற்காகச் செய்த வெட்டு அது. முழு விமானத்தையும் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்காமல் அந்தக் கதவோரத்தை மட்டும் 300 மில்லிமீட்டரில் எடுத்தேன். அன்றைய நாளில் எனக்கு நிறைவு தந்த படம் அது.

சுகோய்-57-ஐச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. கூட்டம் விலகட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். விலகாது, காத்திருக்கவும் வேண்டாம். கூட்டத்தையே படத்தில் சேருங்கள். வெள்ளையும் நீலமும் விளிம்பு கட்டிய சிவப்பு நட்சத்திரம் மேலே, அதற்குக் கீழே அப்பாவின் தோளில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குழந்தை, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், முண்டாசு கட்டிய பெரியவர். மாஸ்கோவில் எடுத்தவருக்கு இந்தப் படம் கிடைக்காது. 24 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். எல்லோரும் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அகலக் கோணத்தை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் மகளோடு நின்றிருந்தார். விமானப்படையில் தரைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூர்ப் பக்கம். நான் விமானத்தின் மூக்கையே குறிவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தச் செவப்பு நாடாவப் பாருங்க. கவரையும் பின்னையும் எப்பக் கழட்டுறாங்களோ, அப்பக் கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். ஏணி வந்திருச்சுன்னா பைலட் பின்னாடியே வர்றாருன்னு வெச்சுக்குங்க."

"நீங்க சொல்லலன்னா நான் இங்கயே நின்னுட்டிருந்திருப்பேன் சார்," என்றேன்.

"எங்களுக்கு அதானே தம்பி முப்பது வருஷ வேலை," என்று சிரித்தார்.

அவர் சொன்னது எந்தக் கேமரா வகுப்பிலும் கிடைக்காது. 'ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்' (பறக்கும் முன் கழற்று) என்று எழுதிய அந்தச் சிவப்பு நாடாக்கள், காற்று உள்வாங்கிகளை அடைத்திருக்கும் மூடிகள், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைகள், தரையில் செருகிய மின்கம்பி என்று ஒவ்வொன்றும் நேரம் சொல்பவை. தரைப் பணியாளர் ஒருவர் முழங்காலிட்டு நாடாக்களை ஒவ்வொன்றாக உருவி, விரலால் எண்ணி, பையில் போடுவதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எண்ணி முடித்ததும் இன்னொருவரிடம் காட்டினார், அவரும் எண்ணினார். வானத்தில் நடக்கும் சில நிமிட சாகசத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள்தான் இருக்கின்றன. அவர்களைப் படமெடுக்கும் முன் கண்ணைப் பார்த்து, கேமராவைக் காட்டி, தலையசைத்துக் கேளுங்கள். வெளிநாட்டுக் குழுவினர் பெரும்பாலும் சந்தோஷமாக நிற்பார்கள், தோளில் இருக்கும் அணிச்சின்னத்தை நன்றாகத் தெரியும்படி திருப்பியும் காட்டுவார்கள். கையை உயர்த்தி வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இனி பறப்பவை. ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி, லென்ஸ் துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. தானாக மாறட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசிறியும் சுழலியும் உள்ளவற்றுக்கு இதே எண்ணை வைத்தால் படம் செத்துவிடும். கணக்கைப் பாருங்கள். சி-130ஜே-யின் விசிறி நிமிடத்துக்கு 1,020 சுற்று. 1/1000 நொடியில் அது 6 டிகிரிதான் நகரும், விசிறியின் இதழ்கள் உறைந்து நிற்கும், விமானம் வானத்தில் தொங்கவிட்ட பொம்மையாகத் தெரியும். 1/200-ல் 30 டிகிரி நகரும், சுழல்வது கண்ணுக்குத் தெரியும். ஹெலிகாப்டருக்கு இன்னும் மெதுவாக, 1/125 வரை இறங்கலாம். அந்த வேகத்தில் விமானம் தெளிவாக வர வேண்டுமானால் இடுப்பிலிருந்து திரும்பி, விமானத்தோடு சேர்ந்து கேமராவை ஓட்ட வேண்டும். ஊரில் மேம்பாலத்துக்கு அருகில் நின்று பைக்குகளை வைத்துப் பழகிக்கொண்டு வாருங்கள். பழகாமல் அங்கே போய் முயன்றால் கலங்கிய படங்கள்தான் கிடைக்கும்.

சுகோய்-57 பறக்கும்போது எல்லோரும் அது நேராகக் கடந்து போகும் நொடியில் ஷட்டரை அமுக்கிப் பிடிக்கிறார்கள். அதில் கிடைப்பது வயிறு. என்ஜின் புகைவாயைத் திருப்பிக்கொண்டு, மூக்கைத் தூக்கி, ஏறக்குறைய நின்ற இடத்திலேயே அது புரளும் கட்டம் வரும். அப்போது ஒரு நொடி முதுகு முழுக்க நம் பக்கம் திரும்பும், வெயில் அதில் பட்டுத் தெறிக்கும். அதற்குக் காத்திருங்கள். போர் விமானத்தின் முதுகு தெரியும் படம் தரையில் நிற்பவனுக்கு அபூர்வம். முந்தைய நாள் ஒத்திகையையோ காலைப் பறப்பையோ கேமரா இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்து, எந்த இடத்தில் புரள்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டால் பிற்பகல் பறப்பில் தயாராக இருக்கலாம். சாகச வரிசையைப் பெரிதாக மாற்ற மாட்டார்கள்.

விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே கட்டத்தில் வரும் தருணம்தான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். 2021-ல் பி-1பி எலஹங்கா மேல் பறந்தபோது கூடவே நம் தேஜஸ் போர் விமானம் பறந்தது. ஒன்று 44 மீட்டர் நீளம், மற்றது 13 மீட்டர். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இடம், காலம், அளவு எதையும் விளக்க வேண்டியதில்லை. பறக்கும்போது வாய்க்காவிட்டால் தரையில் தேடலாம். நம் விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரண் அணியின் சிவப்பு வெள்ளை ஹாக் விமானங்கள் வரிசையாகத் திரும்பி வரும்போது முன்னால் ஒரு வெளிநாட்டு வால் நிற்கும்படி இடம் பிடித்தால் போதும்.

எலஹங்கா வானத்தில் பருந்துகள் உண்டு. ஆட்டோஃபோகஸ் விமானத்தை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அகலமான ஃபோகஸ் பகுதியை விட நடுவில் சிறு கட்டம் வைப்பது நல்லது. பருந்து எஞ்ஜினுக்குள் போனால் விமானத்துக்கே ஆபத்து. அதற்காகத்தான் கண்காட்சிக் காலத்தில் மாநகராட்சி தளத்தைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறது. 2025-ல் தளத்திலிருந்து 13 கிலோமீட்டர் தூரம் வரை, ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை. எலஹங்காவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவருக்கு அந்த மூன்றரை வாரம் எவ்வளவு கஷ்டம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனிப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. பெங்களூர் பிப்ரவரியில் சென்னை அளவுக்குச் சுடாது என்பது உண்மைதான். ஆனால் 900 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று வறண்டு இருப்பதால் வியர்ப்பது தெரியாது, திடலில் நிழலும் குறைவு. தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காதுக்குப் பஞ்சு. கூட வரும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் நிழலில் இடம் பாருங்கள், கேமராவை அப்புறம் வெளியே எடுக்கலாம்.

தளம் திறந்திருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. விமானங்களும் சாகசமும் நமக்கானவை. கண்காணிப்புக் கோபுரம், ரேடார், கொட்டகைகளின் உட்புறம், காவல் நிலைகள் இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். ட்ரோன் கூடவே கூடாது. கண்காட்சி முடிந்த மறுநாளே அது பழையபடி தடைசெய்யப்பட்ட இடமாகிவிடும், வேலிக்கு வெளியே நின்று எடுப்பதும் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வம்பில் முடியும். 2024 ஆகஸ்டில் தரங் சக்தி என்ற பன்னாட்டு விமானப்படைப் பயிற்சிக்காக ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளின் டைஃபூன்களும் பிரெஞ்சு ரஃபேல்களும் நம் சூலூருக்கே வந்திருந்தன. வீட்டு மொட்டை மாடிக்கு மேலே இரும்புச் சிலுவை போட்ட ஜெர்மன் டைஃபூன் போவதைப் பார்த்த சூலூர்க்காரர்களுக்குக் கை பரபரத்திருக்கும், எனக்கும் பரபரத்தது. ஆனாலும் ஓடுபாதை வேலியோரம் லென்ஸோடு நிற்க வேண்டாம் என்றுதான் அப்போதும் கேட்டவர்களிடம் சொன்னேன்.

வீடு திரும்பியதும் படங்களை அழகு பார்ப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் வாலெழுத்து, வரிசை எண், அணி, தேதி, அன்று அது என்ன செய்தது என்பதைக் கோப்பின் குறிப்பில் எழுதிவிடுங்கள். அன்றைக்கே எழுதினால் பத்து நிமிடம். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் எந்த எஃப்-16 எது என்று மண்டை குழம்பும். நான் வாலை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த விமானத்துக்கு நகர்கிறேன். அந்தப் படம் யாருக்கும் காட்டுவதற்கில்லை, அடுத்து வரும் படங்கள் எந்த விமானத்தினுடையவை என்று எனக்குச் சொல்வதற்கு. அதே எண்ணுள்ள விமானம் பிறகு ஜப்பானிலோ இங்கிலாந்திலோ இன்னொருவர் கேமராவில் சிக்கும்போது, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, நடுவில் வண்ணப்பூச்சு எங்கே மாறியிருக்கிறது, எந்த அணிச்சின்னம் போய் எது வந்திருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.